கிழிந்த கோனும் லேபிளில் இல்லாத பெயர்களும்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் பேரவைச் செயலாளர், "'காலம் பொன் போன்றது'ன்னு மறுபடியும் எழுதிக் கொண்டாந்துடாதப்பா. போன வருஷமே மூணு பேர் எழுதிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் காலத்தை விட்டுவிட்டேன். கிழிந்த ஸ்பீக்கரில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் சித்தப்பா மைக் செட் வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். ஒரு மாரியம்மன் திருவிழாவில், வண்டியில் இருந்து இறக்கும்போது பாக்ஸ் கீழே விழுந்து கோன் கிழிந்துவிட்டது. பாட்டுப் போட்டால் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். "டேய் டிப்ளமா, பார்த்துக்கிட்டு நிக்காத. பேப்பரைக் கிழிச்சு ஃபெவிகால் போட்டு ஒட்டுடா" என்றார் சித்தப்பா. ஒட்டினேன். அப்போதும் கர்ர்ர்தான்! திருவிழா முடியும்வரை ஊர் முழுக்க என்னைத்தான் முறைத்தது.

பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். 1951ல் அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கோன் கிழிந்தது, இதே மாதிரி பேப்பர் வைத்து அடைத்தார்கள், இதே மாதிரி கர்ர்ர் என்றது. ஆனால் அங்கே யாரும் முறைக்கவில்லை. அந்தச் சத்தத்தோடு வந்த இசைத்தட்டுதான் உலகின் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு என்று இன்றுவரை பலரும் சொல்கிறார்கள்! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ராக் அண்ட் ரோல் என்றதும் எல்விஸ் பிரெஸ்லியின் தலைமுடிதான் ஞாபகம் வரும். அந்த முடிக்குப் பின்னால் ரேடியோ மெக்கானிக்குகளும், ரெக்கார்டிங் எஞ்சினியர்களும், பெயரே அச்சில் வராத பாட்டுக்காரர்களும் நிற்கிறார்கள். நம்மை மாதிரி சால்டரிங் அயர்ன் பிடிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

706, யூனியன் அவென்யூ

டென்னஸி மாநிலத்தில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். அங்கே சாம் ஃபிலிப்ஸ் என்ற ரேடியோ எஞ்சினியர் 1950 ஜனவரியில் 706, யூனியன் அவென்யூ என்ற முகவரியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் கடை திறந்தார். கல்யாணமா, கூப்பிடுங்கள். சாவா, அதற்கும் கூப்பிடுங்கள். யார் வந்து எதைக் கேட்டாலும் பதிவு செய்து கொடுப்பார். ஆனால் அவருடைய மனசெல்லாம் கறுப்பினப் பாடகர்களைப் பதிவு செய்வதில்தான் இருந்தது. பஸ்ஸிலும் ஹோட்டலிலும் பள்ளிக்கூடத்திலும் கறுப்பர்களுக்குத் தனி இடம் என்று சட்டமே இருந்த ஊர் அது. பி.பி. கிங், ஹவ்லின் உல்ஃப் போன்ற மேதைகள் ஆரம்ப காலத்தில் பாடியது இவருடைய மைக்கில்தான்.

1951 மார்ச்சில், மிசிசிப்பியில் இருந்து ஐக் டர்னர் என்ற இளைஞனின் கோஷ்டி காரில் வந்து இறங்கியது. வரும் வழியில் கிடார் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டுவிட்டது. கார் மேலிருந்து விழுந்தது என்று ஒரு கட்சி, மழையில் நனைந்தது என்று இன்னொரு கட்சி. எப்படியோ கோன் போச்சு. ரிப்பேர் செய்ய நேரம் இல்லை. காகிதத்தைக் கசக்கி உள்ளே அடைத்தார்கள். கிடார் சத்தம் சாக்ஸபோன் மாதிரி கரகரவென்று வந்தது. வேறு எஞ்சினியராக இருந்தால் "போய் வேற செட் கொண்டா" என்று சொல்லியிருப்பார். சாம் ஃபிலிப்ஸ் அதையே இன்னும் தூக்கி வைத்துப் பதிவு செய்தார். நம் பாடத்தில் டிஸ்டார்ஷன் என்பது தவறு, குறைக்க வேண்டியது. அதையே அவர் ருசி ஆக்கிவிட்டார்!

பாட்டின் பெயர் 'ராக்கெட் 88'. சிகாகோவின் செஸ் கம்பெனி வெளியிட்டது. கறுப்பினப் பாடல்களுக்கான பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. ஆனால் லேபிளைப் பார்த்தால் 'ஜாக்கி பிரென்ஸ்டனும் அவரது டெல்டா கேட்ஸும்' என்று இருக்கிறது. பிரென்ஸ்டன் அந்தக் கோஷ்டியில் சாக்ஸபோன் வாசித்தவர், அன்றைக்கு அந்தப் பாட்டைப் பாடியவர். 'டெல்டா கேட்ஸ்' என்று ஒரு கோஷ்டியே கிடையாது. கோஷ்டித் தலைவர் ஐக் டர்னரின் பெயர் முகப்பில் இல்லை. கிழிந்த ஆம்ப்ளிஃபையரில் வாசித்த வில்லி கிஸார்ட்டின் பெயரும் இல்லை.

இந்த லேபிள் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை வரும்.

பெயர் வைத்தவர்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பாட்டுக்கும் ஜாதி உண்டு. கறுப்பர்கள் பாடும் இசைத்தட்டுகளுக்குத் தனிப் பட்டியல். அதற்குப் பெயரே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. 1949ல் பில்போர்ட் பத்திரிகை அதை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. பெயர் மாறியதே தவிர வேலி அப்படியே இருந்தது.

ஆனால் ரேடியோ அலைக்கு வேலி போட முடியாதே! கிளீவ்லாந்து நகரில் ஆலன் ஃப்ரீட் என்ற வெள்ளைக்கார அறிவிப்பாளர் 1951 முதல் ராத்திரி நேரத்தில் இந்தக் கறுப்பினப் பாடல்களைப் போட ஆரம்பித்தார். மைக் முன்னால் உட்கார்ந்து கத்துவார், மேஜையைத் தட்டுவார். இந்த இசையை அவர் 'ராக் அண்ட் ரோல்' என்று அழைத்தார். அந்தச் சொல் அதற்கு முன்பே பாடல்களில் உண்டு. ஆனால் ஊரெல்லாம் பரப்பியது அவர்தான்.

1952 மார்ச் 21ஆம் தேதி அவர் ஒரு நடன நிகழ்ச்சி வைத்தார். சுமார் 10,000 பேர் கொள்ளும் அரங்கத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக் கூட்டம் வந்து கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அதிகாரிகள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். முதல் ராக் அண்ட் ரோல் கச்சேரி என்று சரித்திரத்தில் எழுதப்பட்டிருப்பது, முழுசாக நடக்காத அந்தக் கச்சேரிதான்!

ஏழு இன்ச் தட்டும் சட்டைப்பை ரேடியோவும்

'ஏன் சரியாக 1950களில்?' என்று வைவாவில் கேட்டால் நான் இரண்டு சாமான்களைச் சொல்லுவேன்.

ஒன்று, 45 ஆர்.பி.எம். இசைத்தட்டு. (ரெக்கார்ட் என்றால் நமக்கு ரெக்கார்ட் நோட்தான் ஞாபகம் வரும். இது வேறு.) பழைய 78 ஆர்.பி.எம். தட்டுகள் அரக்கில் செய்தவை. கனமானவை, கீழே விழுந்தால் அப்பளம். 1949ல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி 7 இன்ச் வினைல் தட்டைக் கொண்டுவந்தது. லேசு, விலையும் கையடக்கம். பள்ளிக்கூடப் பிள்ளை தன் கைக்காசில் வாங்கலாம். ஜூக் பாக்ஸ் பெட்டிகளிலும் இதுவே புகுந்துகொண்டது.

இரண்டாவது, நம்ம ஆள் டிரான்ஸிஸ்டர். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1954 நவம்பரில் ரீஜென்ஸி டி.ஆர். 1 என்ற பாக்கெட் ரேடியோ விற்பனைக்கு வந்தது. உள்ளே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தயாரித்த நாலே நாலு டிரான்ஸிஸ்டர். விலை 49 டாலர் 95 சென்ட், அப்போது அது பெரிய தொகை. சில வருடங்களில் ஜப்பான் செட்டுகள் வந்து விலையைக் கீழே இறக்கின. அதுவரை ரேடியோ என்றால் கூடத்தில் இருக்கும் வால்வு செட். அப்பா கேட்பதைத்தான் வீடே கேட்க வேண்டும். இப்போது பிள்ளைகள் போர்வைக்குள் வைத்துக் கேட்டார்கள். வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளை கறுப்பர் பாட்டைக் கேட்பது யாருக்கும் தெரியாது. அப்பாக்கள் விழித்துக்கொள்வதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

எலக்ட்ரிக் கம்பெனி வண்டி டிரைவர்

1953 கோடையில், பள்ளிப்படிப்பை முடித்திருந்த 18 வயதுப் பையன் ஒருவன் சாம் ஃபிலிப்ஸின் கடைக்கு வந்தான். சுமார் 4 டாலர் கொடுத்துத் தன் குரலைத் தானே பதிவு செய்துகொண்டான். கடையில் வேலை பார்த்த மாரியன் கெய்ஸ்கர் என்ற பெண்மணி, 'நல்லாப் பாடுறானே' என்று அவன் பெயரைக் குறித்து வைத்தார். அந்தப் பெயர் எல்விஸ் பிரெஸ்லி. கொஞ்ச நாளில் அவன் க்ரௌன் எலக்ட்ரிக் என்ற கம்பெனியில் வயரிங் சாமான் ஏற்றும் வண்டிக்கு டிரைவர் ஆனான். எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. நம்ம டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஆள் குறைந்துபோச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்!

1954 ஜூலை 5ஆம் தேதி. கிடாருக்கு ஸ்காட்டி மூர், பெரிய பாஸ் வாத்தியத்துக்கு பில் பிளாக். டிரம்ஸே கிடையாது. ஒன்றும் சரிவராமல் களைத்துப்போய் உட்கார்ந்திருந்த நேரத்தில், எல்விஸ் சும்மா விளையாட்டாக ஒரு பழைய புளூஸ் பாட்டைப் பாடிக் குதிக்க ஆரம்பித்தார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடி அறையில் இருந்த சாம் ஃபிலிப்ஸ் தலையை நீட்டி, மறுபடி ஆரம்பியுங்கள் என்றார். 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற அந்தப் பதிவுதான் எல்விஸின் முதல் இசைத்தட்டு.

சாம் ஃபிலிப்ஸின் பதிவுகளில் குரலுக்குப் பின்னால் சட்டென்று ஒரு எதிரொலி தட்டும். அதன் பெயர் ஸ்லாப்பேக் எக்கோ. இன்று போனில் ஒரு பட்டனைத் தொட்டால் வரும். அவர் அதை இரண்டு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர்களை வைத்துச் செய்தார். தத்துவம் சுலபம். டேப் மெஷினில் பதிவு செய்யும் ஹெட் ஒன்று, கொஞ்சம் தள்ளி வாசிக்கும் ஹெட் ஒன்று. இரண்டாவது மெஷினில் குரலைப் பதிய விட்டு, பதிந்த உடனேயே அடுத்த ஹெட் மூலம் வாசித்து, முதல் மெஷினுக்குப் போகும் சிக்னலோடு கலந்துவிட வேண்டும். இரண்டு ஹெட்டுக்கும் நடுவே 2 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். டேப் வேகம் வினாடிக்கு 15 இன்ச். 2ஐ 15ஆல் வகுத்தால் 0.133 வினாடி. அந்த ஏழரையில் ஒரு பங்கு வினாடித் தாமதம்தான் 'சன் ரெக்கார்ட்ஸ்' சத்தத்தின் ரகசியம். வேகத்தைப் பாதியாக்கினால் தாமதம் இரண்டு மடங்கு, பாட்டே குழம்பிப் போகும். 1956 ஜனவரியில் எல்விஸ் பெரிய கம்பெனியான ஆர்.சி.ஏ.வுக்குப் பாடப் போனபோது, அங்கே இருந்தவர்கள் கட்டடத்தின் நடைபாதையில் சத்தத்தை எதிரொலிக்க விட்டு அதே மாதிரி எடுக்கப் பார்த்தார்கள். வேறு மாதிரிதான் வந்தது!

கச்சேரி மேடையில் அந்த எக்கோவுக்கு எங்கே போவது? இல்லினாய் மாநிலத்தில் ரே பட்ஸ் என்ற கடைக்காரர், டேப் எக்கோவை உள்ளேயே வைத்து ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டினார். ஒவ்வொன்றாகக் கையால் கட்டியது. ஸ்காட்டி மூர் 1955ல் அதை வாங்கினார். எல்விஸ் போன ஊருக்கெல்லாம் அந்தப் பெட்டியும் போனது.

முதல் தட்டை மெம்பிஸ் ரேடியோவில் டூயி ஃபிலிப்ஸ் என்ற அறிவிப்பாளர் போட்டார். (சாமுக்குச் சொந்தம் இல்லை.) திரும்பத் திரும்பப் போடச் சொல்லி போன் மேல் போன். கூச்சப்பட்டு சினிமா கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்த எல்விஸை வீட்டார் தேடிப் பிடித்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். பேட்டியில் டூயி கேட்ட ஒரு கேள்வி: எந்த ஸ்கூலில் படித்தாய்? எல்விஸ் சொன்னார், ஹ்யூம்ஸ் ஹைஸ்கூல். சாதாரணக் கேள்வி மாதிரி தெரிகிறதல்லவா? ஹ்யூம்ஸ் வெள்ளையர்கள் மட்டும் படிக்கும் பள்ளி. பாடியவன் கறுப்பன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊருக்கு, 'இல்லை, வெள்ளைக்காரப் பையன்' என்று சொல்லாமல் சொன்ன வித்தை அது. நம் பக்கத்திலும் புது ஆளிடம் 'எந்தத் தெரு தம்பி?' என்று கேட்பார்களே, அந்த வகை!

அதன் பிறகு எல்லாம் மின்னல் வேகம். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ. விக்டர் வாங்கியது. 1956 செப்டம்பர் 9ஆம் தேதி எட் சல்லிவன் டி.வி. நிகழ்ச்சியில் அவரைப் பார்த்தவர்கள் சுமார் 6 கோடி. 1957 ஜனவரியில் அதே நிகழ்ச்சியில் இடுப்புக்கு மேல் மட்டும் காட்டினார்கள், கால் ஆடுவதைப் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம்! ஆனால் அதே 1957 செப்டம்பரில் ஸ்காட்டி மூரும் பில் பிளாக்கும் வேலையை விட்டு விலகினார்கள். எல்விஸ் கோடீஸ்வரர் ஆகிவிட்டார். கூட நின்ற இவர்களுக்கு வெளியூர்க் கச்சேரி உள்ள வாரத்தில் 200 டாலர், இல்லாத வாரத்தில் 100 டாலர். கட்டுப்படியாகவில்லை.

பாட்டு யாருடையது?

எல்விஸ் விளையாட்டாகப் பாடினாரே 'தட்ஸ் ஆல் ரைட்', அது ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினக் கலைஞர் 1946ல் பாடியது. லேபிளில் அவர் பெயர் இருந்தது. ஆனால் பழைய மேனேஜரோடு போட்ட ஒப்பந்தத்தால் பணம் மட்டும் வரவில்லை. பாடுவதையே விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். சேர வேண்டிய தொகை சேராமலே 1974ல் இறந்துபோனார்.

'ஹவுண்ட் டாக்' எல்விஸின் பாட்டு என்றுதான் உலகம் நினைக்கிறது. 1953லேயே கறுப்பினப் பட்டியலில் அதை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் 'பிக் மாமா' தார்ன்டன் என்ற பெண்மணி. தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் செக்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

லிட்டில் ரிச்சர்டின் கதை கொஞ்சம் சிரிப்பு, நிறைய எரிச்சல். ஜார்ஜியா மாநிலத்தில் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், காசிமோ மட்டாஸா என்ற எஞ்சினியரின் சின்ன ஸ்டூடியோவில் 'டுட்டி ஃப்ரூட்டி' பாடினார். அடுத்த வருடமே பேட் பூன் என்ற வெள்ளைக்காரப் பாடகர் அதே பாட்டைப் பதவிசாகப் பாடி வெளியிட்டார். பொதுப் பட்டியலில் ரிச்சர்டுக்கு 17ஆம் இடம், பூனுக்கு 12ஆம் இடம்! அடுத்த பாட்டை ரிச்சர்ட் கோஷ்டி வேண்டுமென்றே தாறுமாறான வேகத்தில் செய்தது, பூனுக்கு வாயில் நுழையக்கூடாது என்று. பூன் அதையும் விடவில்லை. ஆனால் இந்தத் தடவை ரிச்சர்ட் 6, பூன் 8. பிள்ளைகளுக்கு அசல் எது என்று தெரிந்துவிட்டது.

சக் பெர்ரிக்கு நடந்ததுதான் உச்சம். செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர், முடி திருத்தும் தொழில் படித்தவர். 1955ல் அவர் எழுதிப் பாடிய 'மேபலின்' பெரிய வெற்றி. தட்டு வந்ததும் லேபிளைப் பார்த்தால், எழுதியவர்கள் மூன்று பேர்! ஒன்று பெர்ரி. இரண்டாவது செஸ் கம்பெனிக்கு வேண்டிய ஒருவர். மூன்றாவது ஆலன் ஃப்ரீட். ஆம், நாம் பாராட்டிய அதே ஃப்ரீட்தான்! அதற்குள் நியூயார்க்கில் பெரிய ஆள் ஆகியிருந்தார். அவர் ரேடியோவில் பாட்டைப் போடுவதற்குக் கம்பெனி கொடுத்த கூலி அந்தப் பெயர். எழுத்தாளர் பங்கில் இருந்து அவருக்கும் ஒரு பங்கு போகும். ஒரு வரி எழுதாதவருக்கு! முழு உரிமையும் பெர்ரிக்குத் திரும்பியது 1986ல்தான். 31 வருடம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் கடைசியில்.

வாசிக்கத் தெரியாதவர் செய்த கிடார்

நடுவில் ஒரு சந்தோஷமான கதை. லியோ ஃபெண்டர் என்பவர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். படித்தது அக்கவுண்ட்ஸ். கிடார் வாசிக்கத் தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை.

எலக்ட்ரிக் கிடார் வேலை செய்வது நம் முதல் வருட பிசிக்ஸ்தான். காந்தத்தைச் சுற்றி காயில். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், காயிலில் வோல்டேஜ் பிறக்கும். ஃபாரடே விதி, இரண்டு மார்க். பழைய கிடார்களின் உள்ளே கூடு இருந்ததால் ஒரு தொல்லை. ஸ்பீக்கர் சத்தம் கூட்டுக்குள் புகுந்து, அதை மறுபடி பிக்கப் வாங்கி, ஊய்ய் என்று கத்தும். கல்லூரி விழாவில் முதல்வர் பேச எழுந்ததும் மைக் கத்துமே, அதே ஃபீட்பேக். ஃபெண்டர் கூட்டையே எடுத்துவிட்டு முழு மரக்கட்டையில் கிடார் செய்தார். கழுத்துப் பகுதியை ஸ்க்ரூ போட்டு முடுக்கினார், கெட்டுப்போனால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ரிப்பேர் கடைக்காரர் புத்தி! 1951ல் டெலிகாஸ்டரும் எலக்ட்ரிக் பாஸும், 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் வந்தன. வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்திக்கொண்டே போனார். இவருக்கு மட்டும் அநியாயம் நடக்கவில்லை. ஒவ்வொரு கிடாரின் தலையிலும் அவர் பெயர் இருக்கிறது.

பிப்ரவரி 3, 1959

அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் பட்டி ஹாலி. டெக்ஸாஸ்காரர், கருப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, பார்த்தால் நம் கிளாஸ் ஃபர்ஸ்ட் பையன் மாதிரி இருப்பார். நார்மன் பெட்டி என்பவரின் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். பெட்டிதான் மேனேஜரும். ஹாலியின் பல பாட்டுகளில் எழுத்தாளராக பெட்டியின் பெயரும் ஏறியது. 1958 கடைசியில் இருவரும் பிரிந்தபோது வரவேண்டிய பணம் தகராறில் மாட்டிக்கொண்டது. பணம் பெட்டியில், ஹாலி தெருவில்!

கைச்செலவுக்குக் காசு வேண்டி, கடுங்குளிரில் ஊர் ஊராகப் போகும் ஒரு பஸ் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டார். பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் கால் பனியில் விறைத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வெறுத்துப்போன ஹாலி, அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் கச்சேரி முடிந்ததும் அடுத்த ஊருக்கு ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். காய்ச்சலில் இருந்த 'பிக் பாப்பர்' ரிச்சர்ட்ஸனுக்கு வேலன் ஜென்னிங்ஸ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். இன்னொரு இடத்துக்கு நாணயம் சுண்டினார்கள். 17 வயது ரிச்சி வேலன்ஸ் ஜெயித்தார். பிப்ரவரி 3 அதிகாலை ஒரு மணி வாக்கில் கிளம்பிய விமானம் சில நிமிடங்களில் வயலில் விழுந்தது. மூவரும், 21 வயது பைலட்டும் இறந்துபோனார்கள். ஹாலிக்கு வயது 22.

விசாரணை அறிக்கையில் நமக்கான பாடம் இருக்கிறது. அன்று பனி, இருட்டு, வெளியே எதுவும் தெரியாது. மீட்டரைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பைலட்டுக்கு அதற்கான தகுதிச் சான்று இல்லை. வானிலை எச்சரிக்கைகளும் அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அந்த விமானத்தில் இருந்த கைரோ கருவி, மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை, அவர் பழகியிருந்த கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் வகை. மேலே ஏறுவதாக நினைத்துக் கீழே இறங்கியிருக்கலாம். புது மீட்டர் வந்தால் நம் லேப் அட்டெண்டர் அண்ணன், "மொதல்ல மேனுவலைப் படிங்கடா" என்று கத்துவார். நாம் சிரிப்போம். இனி நான் சிரிக்க மாட்டேன்.

கணக்கு முடிந்த கதை

அதே 1959ல் ஆலன் ஃப்ரீடின் கணக்கும் முடிந்தது. பாட்டைப் போட ரேடியோக்காரர்கள் லஞ்சம் வாங்குவதைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றமே விசாரித்தது. 'பேயோலா' என்று அதற்குப் பெயர். லஞ்சம் வாங்கியதே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஃப்ரீட் மறுத்தார், வேலை போனது. 1962ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் வெறும் 300 டாலர்தான், ஆனால் ஆள் உடைந்துபோய்க் குடியில் விழுந்தார். 1965ல் 43 வயதில் இறந்தார். அதே விசாரணைக்கு வந்த டிக் கிளார்க், கம்பெனிகளில் தனக்கிருந்த பங்குகளை விற்றுவிட்டு டி.வி.யில் பல்லாண்டு வாழ்ந்தார்.

ஃப்ரீட் நல்லவரா, கெட்டவரா? எனக்குத் தெரிந்து இரண்டும். வேலியை உடைத்ததும் அவர்தான், வேலியைத் தாண்டி வந்தவனின் பாக்கெட்டில் கை விட்டதும் அவர்தான். 1986ல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்களில் சக் பெர்ரியும் உண்டு, ஃப்ரீடும் உண்டு, சாம் ஃபிலிப்ஸும் உண்டு. காசிமோ மட்டாஸாவுக்கு 2012 வரை, தார்ன்டனுக்கு 2024 வரை ஆனது. தார்ன்டன் இறந்தது 1984ல்.

பெர்ரியின் 'ஜானி பி குட்' பாட்டு 1977ல் வாயேஜர் விண்கலங்களில் தங்கத் தட்டில் ஏறிப் போனது. நம் கேசர்பாய் கேர்க்கரின் குரலும் அதே தட்டில் இருக்கிறது. 2012ல் வாயேஜர் 1 சூரியனின் எல்லையையும் தாண்டிவிட்டது. அந்தத் தட்டில் உள்ள பாட்டுக்கு யாரும் பங்கு கேட்டுப் போக முடியாது!

இனி என் சுருக்கென்ற கதை. போன வருடம் துறைக் கண்காட்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்தோம். அதில் பாதி சால்டரிங் செய்தவன், ஹம் சத்தத்தை மூன்று ராத்திரி உட்கார்ந்து எடுத்தவன் எங்கள் ஐந்தாவது நண்பன். கண்காட்சி அன்று அவன் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் வரவில்லை. சார்ட்டில் நாலு பெயர்தான் இருந்தது. பரிசுச் சான்றிதழும் நாலுதான் வந்தது. அந்தச் சார்ட்டை எழுதியவன் நான். இடம் பற்றவில்லை என்று அப்போது சொன்னேன். இடம் இருந்தது. மறந்தும் போகவில்லை. 'வராதவனுக்கு என்ன?' என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையில் அவன் பெயரைப் போடலாம் என்று கேட்டேன். "பேரெல்லாம் வேணாம்டா, டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடு" என்றான். வாங்கிக் கொடுத்தேன். துறைத் தலைவரிடம் நடந்ததைச் சொல்லி, ஐந்தாவது சான்றிதழுக்கு மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேபலினுக்கு 31 வருடம் ஆனது. இது இந்த செமஸ்டர் முடிவதற்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

நண்பர்களே, நாளைக்கு நாம் ஷாப் ஃப்ளோரிலும் சர்வீஸ் சென்டரிலும் நிற்கப் போகிறவர்கள். கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை முழுசாகப் படியுங்கள். உங்கள் கையில் பேனா இருந்து, சார்ட்டில் பெயர் எழுதும் வேலையும் வந்தால், வராதவனையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.